கிரெனடின்ஸ் தீவுகளுக்குப் பாய்ப்படகில்: கடிகாரத்தை விட வெயிலைப் பாருங்கள்

கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில், செயின்ட் வின்சென்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவே, சுமார் 60 கடல் மைல் நீளத்துக்கு உதிரி உதிரியாகக் கிடக்கின்றன கிரெனடின்ஸ் தீவுகள். ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். பல தாவல்கள் 5 முதல் 10 கடல் மைல்தான், ஒன்றிரண்டு மணி நேர ஓட்டம். இந்தச் சின்னத் தூரம்தான் புதியவர்களை ஏமாற்றுகிறது. ‘பக்கத்தில்தானே, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்’ என்று மதியம் இரண்டரைக்கு நங்கூரம் தூக்குகிறவர்கள், ஐந்து மணிக்கு, வெயில் சாய்ந்து நீரின் நிறம் மங்கிப்போன வேளையில், பவளப்பார்களுக்கு நடுவே வழி தேடிக்கொண்டு நிற்பார்கள். பருவத்தில் இங்கே படகு தட்டுவதற்குப் புயல் எதுவும் தேவையில்லை, தப்பான வேளையில் போய்ச் சேர்ந்தாலே போதும். எந்த இடத்துக்கும் பிற்பகல் 2 மணிக்குள் போய் நங்கூரம் போட்டிருக்க வேண்டும் என்ற ஒரு விதியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதைச் சுற்றித் திட்டமிடுங்கள்.

தீவுப் பெயர்களை உள்ளூர்க்காரர்கள் சொல்கிறபடி பழகிக்கொண்டால் ரேடியோவில் குழப்பம் வராது. வடக்கிலிருந்து பெக்வே, மஸ்டீக், கனவான், மேரோ, டொபேகோ கேஸ் (எழுத்தில்தான் கேஸ், பேச்சில் கீஸ்), யூனியன், பாம் தீவு, பெட்டி செயின்ட் வின்சென்ட். இவை செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்தவை. அதற்குத் தெற்கே கேரியகூவும் பெட்டி மார்ட்டினிக்கும் கிரெனடா நாடு. நடுவில் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு ஒன்று ஓடுகிறது. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

எப்போது, எந்தப் பக்கமாக

பருவம் டிசம்பர் முதல் மே வரை. கிழக்கிலிருந்தும் கிழக்கு-வடகிழக்கிலிருந்தும் வாணிபக் காற்று நாள் முழுக்க 15 முதல் 20 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் அடிக்கும். கடற்கரைத் தமிழில் சொன்னால் கொண்டலும் வாடைக்கொண்டலும்தான். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்று ஒன்று எழும்பும். சில நாட்கள் தொடர்ந்து 25, 30 நாட் அடிக்கும். முதல்முறை வருகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதங்கள் வேண்டாம். பிப்ரவரி பாதிக்கு மேல் ஏப்ரல் முடிய உள்ள காலம்தான் நல்லது. மே மாதத்தில் காற்று தணியும், கூட்டமும் குறையும்.

ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். ‘கிரெனடின்ஸ் ரொம்பத் தெற்கே இருக்கிறது, சூறாவளி வராது’ என்ற பழைய பேச்சை நம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி நான்காம் நிலை வலுவோடு கேரியகூவில் கரையேறியது. யூனியன், மேரோ, கனவான் தீவுகளில் வீடுகள் கூரையிழந்து கிடந்தன. கேரியகூவின் டைரல் பே சதுப்பு மரக்காட்டுக்குள் பாதுகாப்புக்காகக் கட்டியிருந்த படகுகளே ஒன்றன்மேல் ஒன்று குவிந்துபோயின. ஆகவே 2024-க்கு முன் அச்சான வழிகாட்டி நூலில் உள்ள படகுத்துறை, மிதவை, விளக்கு, கடை எதுவும் இன்னும் அங்கே இருக்கிறது என்று எண்ணிக் கிளம்பாதீர்கள். பார்களின் இடமும் ஆழமும் பற்றி அந்நூல்கள் சொல்வது பெருமளவு இன்றும் பயன்படும்.

திசை விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், வடக்கிலிருந்து தெற்கே போங்கள். தீவுத்தொடர் தென்மேற்காகச் சாய்ந்து இறங்குகிறது. காற்று கிழக்கிலிருந்து வருவதால் தெற்கே போகும்போது அது பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ விழும். படகு சுகமாக ஓடும். அதே வழியில் திரும்பினால் காற்றும் அலையும் எதிரே, நீரோட்டமோ மேற்கே தள்ளும். செயின்ட் வின்சென்டில் படகை எடுத்துக் கிரெனடாவில் ஒப்படைக்கும் ஒருவழி வாடகை கிடைத்தால், கூடுதல் கட்டணம் கொடுத்தாவது எடுப்பது புத்திசாலித்தனம். அந்த வழியில் கிரெனடாவுக்கு வடக்கே கிக் எம் ஜென்னி என்ற கடலடி எரிமலை இருக்கிறது. கடைசியாக 2017-இல் வெடித்தது. அமைதியாக இருக்கும் நாளிலும் அதைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் போகக்கூடாது, விழித்திருந்தால் 5 கிலோமீட்டர். கிளம்பும் அன்று நிலை என்ன என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

படகு, தண்ணீர், காசு

வாடகைப் படகுகள் அதிகம் புறப்படுவது செயின்ட் வின்சென்டின் தெற்குக் கரையில் உள்ள புளூ லகூனிலிருந்து. 2017-இல் திறந்த ஆர்கைல் விமான நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். வாடகைக்கு நிற்பவற்றில் கேட்டமரன்கள் ஏராளம். நம் கட்டுமரம்தான் பெயர் மாறி அங்கே நிற்கிறது. ஒற்றை உடற்படகு 1.8 முதல் 2.2 மீட்டர் ஆழம் கேட்கும் இடத்தில் கேட்டமரனுக்கு 1.2, 1.4 மீட்டர் போதும், அலையில் உருளாது. காற்றை எதிர்த்து ஏறுவதில் மட்டும் அது மந்தம்.

வாடகைப் படகைப் பொறுப்பேற்கும்போது சுற்றிக் காட்டுகிறவர் குளிர்பெட்டியையும் ஸ்பீக்கரையும் பற்றித்தான் நிறையப் பேசுவார். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர், எத்தனை மீட்டருக்கு ஒரு குறி என்று கேளுங்கள். சங்கிலி இழுக்கும் மின்பொறியின் பிரேக்கர் எங்கே என்று பாருங்கள், அது விழுந்துவிட்டால் நடுக்கடலில் தேடக்கூடாது. பாயை இரண்டாம் மடிப்புக்குச் சுருக்கி ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். கரைக்குப் போய்வரும் குட்டிப் படகான டிங்கியின் மோட்டாரை அணைத்து, திரும்ப ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். என்ஜினுக்குக் கடல்நீர் எடுக்கும் வடிகட்டியை எப்படித் திறப்பது என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். 2011-லிருந்து சர்காசம் என்ற மிதக்கும் கடற்பாசி ஆண்டுதோறும் குவியல் குவியலாக இந்தப் பக்கம் வருகிறது; என்ஜின் சூடேறினால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வடிகட்டியைத்தான்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று கட்டுப்பாடாக இருந்தால் 8 பேருக்கு 120 லிட்டர். 700 லிட்டர் தொட்டி ஆறு நாளைக்கும் காணாது. ஆளாளுக்குத் தினமும் இரண்டு முறை நன்னீரில் குளித்தால் மூன்றாம் நாளே பம்ப் காற்றிழுக்கும் சத்தம் கேட்கும். தீவுகளில் ஆறு கிடையாது, மழைநீர்த் தொட்டிகள்தான். ஜனவரி முதல் மே வரை உள்ளூர்க்காரர்களுக்கே தட்டுப்பாடு. பெக்வேயின் அட்மிரல்டி பேயில் படகிலேயே கொண்டுவந்து தண்ணீர் நிரப்புகிறார்கள். தெற்கே இறங்குவதற்கு முன் அங்கே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசியாக ஒரு கோப்பை நன்னீரில் அலசினால் போதும்.

காய்கறியைக் கிங்ஸ்டவுன் சந்தையில் வாங்குவது மலிவு. ஈரப்பலா கட்டாயம் வாங்குங்கள். சுட்டாலும் வறுத்தாலும் சோற்றுக்கு ஈடு. அந்த மரக்கன்றுகளைப் பசிபிக்கிலிருந்து கேப்டன் பிளை 1793-இல் இங்கே கொண்டுவந்து இறக்கினார்.

பணம் கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976-லிருந்து நிலையாக நிற்கிறது. வங்கி எந்திரம் பெக்வேயிலும் யூனியனின் கிளிஃப்டனிலும் உண்டு. மேரோவிலும் கேஸிலும் வங்கியை எதிர்பார்க்க வேண்டாம். விலை கேட்கும்போது ‘ஐம்பது டாலர்’ என்று பதில் வந்தால், எந்த டாலர் என்று அந்த நொடியே கேட்டுவிடுங்கள். கேட்காமல் தலையாட்டினால் கடைசியில் ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுக்க நேரும்.

முத்திரை வாங்கும் வேலை

வெளிநாட்டிலிருந்து படகில் வந்தால் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு நுழைவுத் துறை ஒன்றுக்கு நேராகப் போக வேண்டும். கிரெனடின்ஸில் பெக்வேயின் போர்ட் எலிசபெத்தும் யூனியனின் கிளிஃப்டனும் வழக்கமானவை. படகுத் தலைவர் மட்டும் எல்லாருடைய பாஸ்போர்ட், படகின் பதிவுத்தாள், கடைசித் துறைமுகத்தின் விடுவிப்புச் சீட்டு ஆகியவற்றோடு கரையிறங்குவார். மற்றவர்கள் படகிலேயே இருக்க வேண்டும். விவரங்களை முன்னதாகவே செயில்கிளியர் இணையதளத்தில் நிரப்பிவிட்டால் அலுவலகத்தில் எழுதும் வேலை குறையும். வார இறுதியிலும் அலுவல் நேரம் கடந்தும் போனால் கூடுதல் கட்டணம் உண்டு.

எல்லோரும் தவறுவது இங்கேதான். கேரியகூவிலிருந்து வடக்கே வருகிறவர்கள் வழியில் இருக்கிறதே என்று நேராக டொபேகோ கேஸில் போய் நிற்கிறார்கள். அது அடுத்த நாடு. முதலில் கிளிஃப்டனில் பதிந்துவிட்டுத்தான் கேஸுக்குத் திரும்ப வேண்டும். பெட்டி செயின்ட் வின்சென்டில் நங்கூரமிட்டுவிட்டு, எதிரே தெரிகிற பெட்டி மார்ட்டினிக்குக்கு டிங்கியில் போய்ச் சாப்பிடுவதும் இதே கதைதான். உருமறைப்பு அச்சுப் போட்ட உடை, அதாவது ராணுவப் பச்சை, இரண்டு நாட்டிலும் சட்டப்படி கூடாது. குழந்தையின் தொப்பியும் அதில் அடங்கும்.

நீரின் நிறத்தைப் படிப்பது

இங்கே வழிகாட்டும் மிதவைகள் அமெரிக்க முறையில் உள்ளன: துறைக்குள் நுழையும்போது சிவப்பு வலக்கைப் பக்கம். ஆனால் மிதவை இருக்கும் என்ற நம்பிக்கையில் எங்கும் நுழையாதீர்கள். கருவியில் தெரியும் வரைபடமும் சில இடங்களில் சில பத்து மீட்டர் தள்ளி நிற்கும். திரையைச் சுருக்கி வைத்தால் சிறு பார்கள் படத்திலிருந்து மறைந்தே போகும். கடைசி அரை மைலுக்குக் கண்தான் கருவி.

கருநீலம் என்றால் ஆழம். நீலத்தில் பச்சை கலந்திருந்தால் மணல்தரைக்கு மேல் மூன்று முதல் ஆறு மீட்டர். கண்ணாடி போன்ற வெளிர்பச்சை ஒன்றரை, இரண்டு மீட்டர். வெளுத்துப்போய் மணல் நிறமாகவே தெரிந்தால் முழங்கால் அளவு. பழுப்பும் மஞ்சள் கலந்த பழுப்பும் தெரிந்தால் திரும்பிவிடுங்கள், பவளம் மேலே வந்துவிட்டது. கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் கலைந்து மங்கலாக இருந்தால் கடற்புல், வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால் பார். திட்டு நகர்ந்தால் மேக நிழல்.

இதெல்லாம் சூரியன் உயரத்தில், முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் தெரியும். டொபேகோ கேஸுக்கு மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நுழைகிறீர்கள். காலை பத்துக்கு முன் போனால் சூரியன் நேர் கண்ணில், நீர் வெறும் வெள்ளித் தகடு. பத்தரைக்கு மேல் நுழைந்து, இரண்டு மணிக்குள் நங்கூரம் போட்டுவிடுங்கள். வெளியேறும்போது கதை தலைகீழ்: காலையில் சூரியன் முதுகில் இருக்கும், மாலையில் கூசும். நடுவில் மழைத்திரை ஒன்று வந்து மூடினால் வெளியே ஆழத்தில் வட்டமடித்துக் காத்திருங்கள், பெரும்பாலும் இருபது நிமிடத்தில் கடந்துவிடும். அந்த மழையோடு காற்றும் திடீரென 30 நாட் வரும் என்பதால் கறுத்த சுவர் போல் மேகம் தெரிந்தவுடனே பாயைச் சுருக்கிவிடுங்கள்.

படகின் முன்முனையான அணியத்தில் ஒருவர் போலராய்டு கண்ணாடி போட்டு நிற்க வேண்டும். என்ஜின் சத்தத்திலும் காற்றிலும் கத்துவது சுக்கானில் நிற்பவருக்குக் கேட்காது, கைச்சாடைதான். முன்கூட்டியே ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள்: கை காட்டுவது போக வேண்டிய பக்கத்தை. பாரைப் பார்த்த பதற்றத்தில் அதையே சுட்டிக்காட்டுவார் ஒருவர், சுக்கான்காரர் நேராக அதன்மேல் விடுவார். இது சிரிப்பதற்குச் சொன்னதில்லை.

நங்கூரமும் மிதவையும்

மணல்திட்டுக்கு மேலே, காற்றுக்கு எதிராக அணியத்தைத் திருப்பி, படகு முழுதாக நின்ற பிறகு நங்கூரத்தை இறக்குங்கள். ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரத்தையும் கூட்டி, ஐந்தால் பெருக்குங்கள். ஆழம் 4 மீட்டர், அணியம் ஒன்றரை மீட்டர் என்றால் மொத்தம் ஐந்தரை. சங்கிலி 28 மீட்டர். இரவில் காற்று ஏறும் என்றால் ஏழு மடங்கு. படகு பின்னே ஒதுங்க ஒதுங்கச் சங்கிலியை விடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நங்கூரத்தின்மேலேயே குவிந்து சிக்கும். பிறகு என்ஜினை மெல்லப் பின்னோக்கிப் போட்டு, சங்கிலி விறைத்ததும் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு ஏற்றி அரை நிமிடம் இழுங்கள். கரையில் ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு வீட்டு முனையும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். கோடு பிரிந்தால் நங்கூரம் உழுகிறது.

சுமையைச் சங்கிலி இழுக்கும் பொறியின்மேல் விட்டுவைக்காமல் கயிற்றுக் கொக்கியில் மாற்றுங்கள். அதன் பிறகு முகக்கண்ணாடியோடு தண்ணீரில் குதித்து நங்கூரத்தைக் கண்ணால் பாருங்கள். நங்கூரத்தின் தண்டு மட்டும் தெரிந்து, மண்வெட்டி போன்ற அலகு மணலுக்குள் புதைந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். புல்லைக் கௌவிக்கொண்டு படுத்திருந்தால் இப்போது பிடிக்கும், இரவு இரண்டு மணிக்கு விடும். தூக்கி, மறுபடி போடுங்கள். மூன்றாம் முறை போடுவதில் வெட்கமே இல்லை.

நங்கூரத்துக்குப் பதிலாகப் படகைக் கட்டும் வாடகை மிதவைகளைப் பொறுத்தவரை சந்தேகமே நல்லது. பெக்வேயிலும் கிளிஃப்டனிலும் சிறுபடகில் ஒருவர் எதிரே வந்து ‘என் மிதவை, வாருங்கள்’ என்பார். நல்லவர்கள் ஏராளம். ஆனால் கீழே எடைக்கல்லும் சங்கிலியும் எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் சொல்வதை வைத்துப் படகை ஒப்படைக்காதீர்கள். குதித்துப் பாருங்கள்: இணைப்பு வளையத்தின் ஆணிக்குக் கம்பி கட்டியிருக்கிறதா, சங்கிலி பாதி தேய்ந்திருக்கிறதா, கயிறு நைந்திருக்கிறதா. கட்டும்போது ஒரே கயிற்றை அணியத்தில் கயிறு கட்டும் இடது கட்டையிலிருந்து வளையத்தின் வழியாக வலது கட்டைக்குப் போடுவது வழக்கமான தப்பு. படகு இடமும் வலமும் ஆடும்போது கயிறு வளையத்துக்குள் ரம்பம்போல் ஓடி விடிவதற்குள் அறுந்துவிடும். இரண்டு கயிறு வேண்டும்; ஒவ்வொன்றும் தன் கட்டையிலிருந்து போய் வளையத்தைச் சுற்றித் தன் கட்டைக்கே திரும்ப வேண்டும்.

பின்னே நகரும் எந்த வேலைக்கும் முன்னால் டிங்கியின் கயிற்றைக் குறுக்கிக் கட்டுங்கள். அது சுழலியில் சுற்றிக்கொண்டால் அன்றைய நாள் போச்சு. இரவில் டிங்கியை நீரிலிருந்து தூக்கிப் பூட்டி வையுங்கள்.

ஒவ்வொரு நிறுத்தமாக

புளூ லகூனிலிருந்து பெக்வே சுமார் 9 மைல். நடுவிலுள்ள கடற்கால்வாயில் நீரோட்டம் மேற்கே தள்ளும், அதனால் இலக்குக்குப் பத்துப் பாகை கிழக்கே பிடித்துப் போங்கள். ஓட்டம் கிழக்கே திரும்பும் வேளையில் அது காற்றோடு மோதி, அலை குட்டையாகச் செங்குத்தாக எழும். முதல் நாள் காலையில் எல்லோருக்கும் வாந்தி வருவது இங்கேதான். அட்மிரல்டி பேயின் வடவாயிலில் டெவில்ஸ் டேபிள் என்ற நீரடி மேட்டை நன்றாக ஒதுக்கிவிட்டு உள்ளே வாருங்கள். ஊருக்கு எதிரே தரை பிடிக்காத திட்டுகள் உண்டு. பிரின்சஸ் மார்கரெட் கடற்கரைக்கு முன்னால் மணல் நல்ல பிடி. இங்கே இரண்டு இரவு தங்குங்கள். தொடரிலேயே ஊர் என்று சொல்லத்தக்க ஊர் இதுதான்.

மஸ்டீக் அழகு, ஆனால் பெக்வேயிலிருந்து அங்கே போவது காற்றை எதிர்த்து ஏறும் வேலை. தீவு தனியார் கம்பெனியின் நிர்வாகத்தில் இருக்கிறது. பிரிட்டானியா பேயில் அவர்களுடைய மிதவையை எடுத்து அவர்கள் கட்டணத்தைக் கட்ட வேண்டும். விரிகுடாவுக்கு மேற்கே மான்டிசூமா மேடு கறுப்பு-சிவப்புக் கம்பத்தோடு நிற்கிறது. வடக்கே 1971 ஜனவரியில் அந்தில் என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் பாரில் மோதித் தீப்பிடித்து எரிந்த இடம். காற்று 22 நாட்டுக்கு மேல் என்றால் மஸ்டீக்கை விட்டுவிட்டு நேரே கனவானுக்குப் போங்கள், சுமார் 20 மைல், சுகமான ஓட்டம். கனவானின் சார்ல்ஸ்டவுன் பேயில் வடக்கு அலை வந்தால் படகு இரவெல்லாம் உருளும். அங்கே சொல்ல வேறு ஒன்றுமில்லை.

மேரோவின் சால்ட் விசில் பே அரைவட்டமாக வளைந்த சின்னத் துறை. வாயின் இரு ஓரத்திலும் பார், நடுவால் நுழையுங்கள். பதினைந்து படகுக்கு மேல் நின்றால் நெருக்கம். குளிர்காலத்தில் தொலை வடக்கிலிருந்து வரும் அலைவீச்சு இந்தத் துறைக்குள் திரும்பி நுழையும். முன்னறிவிப்பில் அது இருந்தால் தங்காதீர்கள். பொழுது சாய்கையில் கரையில் மணற்பூச்சி கடிக்கும், கண்ணுக்கே தெரியாது, அரிப்பு ஒரு வாரம் நிற்கும். மலைமேட்டுத் தேவாலயத்துக்கு ஏறிப் பாருங்கள். அங்கிருந்து நாளைக்குப் போகப்போகும் கேஸின் பார்கள் முழுதும் வரைபடம்போல் விரிந்து தெரியும். அதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

டொபேகோ கேஸ் என்பது ஐந்து குட்டித் தீவுகள்: பெட்டி ராமோ, பெட்டி பாட்டோ, பாரடால், ஜேம்ஸ்பி, கொஞ்சம் தள்ளி பெட்டி டபாக். ஆள் குடியில்லை. கிழக்கே குதிரைலாட வடிவத்தில் ஹார்ஸ்ஷூ பார் அட்லாண்டிக்கின் அலையைத் தடுத்து நிறுத்துகிறது, காற்றைத் தடுப்பதில்லை. ஆகவே அலையே இல்லாத நடுக்கடலில் முழுக் காற்றில் நிற்பீர்கள். மேரோவின் வடக்கே பேலைன் பாறைகளை ஒதுக்கிவிட்டு, வடமேற்கிலிருந்து வந்து, ராமோவுக்கும் பாட்டோவுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகப் போவதுதான் பாதை. அந்த இடுக்கில் நீரோட்டம் இழுக்கும். வேகம் குறைந்தால் படகு பக்கவாட்டில் சரியும். அதைத் தாண்டி பாரடாலுக்குப் பக்கத்தில் வெண்மணலில் மூன்று, நான்கு மீட்டரில் நில்லுங்கள், அல்லது பூங்காவின் மிதவையை எடுங்கள். தெற்கு வழி என்று வரைபடத்தில் ஒன்று தெரியும். முதல்முறை வருகிறவர் அதைத் தொட வேண்டாம், வந்த வழியே வெளியேறுங்கள்.

இது கடற்பூங்கா. காவலர்கள் படகில் வந்து தலைக்கு, நாளைக்கு என்று கட்டணம் வாங்குவார்கள்; கிழக்குக் கரீபியன் நோட்டாகவே வைத்திருங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மீன்பிடிக்கக்கூடாது, ஜெட் ஸ்கீ கூடாது, புல்மேலும் பவளத்தின்மேலும் நங்கூரம் கூடாது, குப்பையைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். பாரடால் முன்னால் மிதவைக்கயிறு கட்டிய பகுதியில் ஆமைகள் புல் மேய்கின்றன. அங்கே டிங்கி மோட்டாரோடு போகாதீர்கள். தள்ளி மிதந்தபடி அசையாமல் இருங்கள். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வரும், துரத்தினால் போய்விடும். பாரில் நீந்த டிங்கியில் போகிறவர்களுக்கு அங்கே தனியாகச் சிறு மிதவைகள் உண்டு, அதில் கட்டுங்கள்.

மாலையில் பெட்டி பாட்டோ கரையில் உள்ளூர்க்காரர்கள் கல்இறால் சுட்டுத் தருவார்கள். காலையிலேயே படகுக்கு வந்து ஆர்டர் எடுப்பார்கள்: எத்தனை பேர், எத்தனை மணி, மொத்தம் எவ்வளவு, எந்த டாலர் என்று அப்போதே பேசி முடியுங்கள். மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கல்இறால் பிடிக்கத் தடை. அந்த நாட்களில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

அங்கிருந்து யூனியனின் கிளிஃப்டன். வாயிலில் நியூலேண்ட்ஸ் பாரைச் சுற்றிக்கொண்டு உள்ளே திரும்ப வேண்டும், துறைக்கு நட்டநடுவே ரவுண்டபவுட் என்று இன்னொரு பார். குறுக்கே வெட்டிப் போக நினைத்தவர்கள் இரண்டிலும் ஏறியிருக்கிறார்கள். பெட்டி செயின்ட் வின்சென்டுக்குத் தொடர்ந்தால் நடுவில் கிரான்ட் டி க்வா என்ற பார் கடலுக்கு நடுவே மறைந்து கிடக்கும். மஞ்சள்-கறுப்புக் கம்பத்துக்கு மேற்கே போங்கள்.

கரையில் கவனிக்க

கடற்கரையோரம் பளபளக்கும் இலையும் சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற காயுமாக நிற்கும் மான்சனீல் மரத்தை எல்லோருக்கும் அடையாளம் காட்டிவையுங்கள். அதன் பால் தோலைக் கொப்புளமாக்கும். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினாலே சொட்டும் நீரில் பால் கரைந்து வரும். விறகாக எரித்தால் புகை கண்ணைக் கெடுக்கும். காயைக் கடித்தால் மருத்துவமனைதான். பெரிய பாரகுடா போன்ற பார்மீன்களைப் பிடித்துத் தின்ன வேண்டாம். சிகுவாடெரா நஞ்சு வேகவைத்தாலும் போகாது. மின்சாரம் 230 வோல்ட், பிரிட்டன் வகைச் சொருகி. ரேடியோவில் 16-ஆம் அலைவரிசை அவசரத்துக்கு. படகுக்காரர்கள் ஒருவரையொருவர் அழைப்பது 68-இல். கடலோரக் காவல்படையின் தளம் செயின்ட் வின்சென்டின் கலியாக்குவாவில் இருக்கிறது.

திரும்பி வடக்கே ஏற வேண்டியிருந்தால்

ஒருவழி வாடகை கிடைக்காதவர்கள் கடைசி இரண்டு நாட்களை ஏறுவதற்கென்றே ஒதுக்குங்கள். கடைசி நாளில் யூனியனிலிருந்து புளூ லகூன் வரை ஒரே மூச்சில் வர நினைப்பதுதான் வழக்கமாகக் கெடுகிற திட்டம். முதல் நாள் விடிந்ததும், காற்று இன்னும் முழுதாக எழும்பாத ஆறரைக்கு, ஒரு மடிப்புப் போட்ட பாயோடு கிளம்புங்கள். கனவானின் மேற்கு மறைவில் அலை குறைவு, அங்கே என்ஜின் போட்டு முடிந்தவரை கிழக்கே ஏறிக்கொள்ளுங்கள். மறைவை விட்டு வெளியே வந்ததும் நீரோட்டம் மேற்கே இழுக்கும். பெக்வேயை நேராகக் குறிவைத்தால் அதன் மேற்கு முனைக்கும் கீழே போய் நிற்பீர்கள். அதனால் குறியை முன்கூட்டியே மேலே வையுங்கள். அன்றிரவு பெக்வேயில் தங்கினால் மறுநாள் காலை மிச்சம் 9 மைல்தான். புளூ லகூன் வாயில் குறுகலானது, பார்களுக்கு நடுவே மிதவைக் குறிகளோடு இருக்கிறது. வாடகைக் கம்பெனியை ரேடியோவில் கூப்பிட்டால் ஆள் அனுப்பி உள்ளே கொண்டுவருவார்கள். டீசல் நிரப்பிக் கணக்கு முடிக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும், அதையும் சேர்த்துத்தான் விமானத்துக்கு நேரம் பாருங்கள்.